எட்டு முழத் தண்ணீர்

அந்தப் படக்குழு போர்ட் பிளேயரில் வந்து இறங்குவதற்கு முன்பு எனக்கு இருந்த நிலையை முதலில் சொல்லிவிடுவது முறை. ஃபீனிக்ஸ் பே ஜெட்டி அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். பாளையங்கோட்டையில் முதுகலை படித்தவன். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு மூன்றாம் முறையாகப் போட்டியின்றித் தலைவன் ஆகியிருந்தேன். டெலானிபூர் மேட்டில் சொந்த வீடு. என் கையெழுத்தைப் பார்த்தபின் மேற்கொண்டு கேள்வி கேட்ட அலுவலகம் இந்தத் தீவில் இல்லை. சங்கத்தில் என்னைக் ‘கேப்டன் சார்’ என்று அழைப்பார்கள். நான் கப்பல் செலுத்தியவன் அல்லன். தீவுகளுக்கு இடையே போய்வரும் கப்பல்களின் நேர அட்டவணையையும் பயணிகள் பட்டியலையும் மேசையில் அமர்ந்து சரிபார்த்தவன். ஆனாலும் அந்த அழைப்பை ஒருநாளும் மறுத்ததில்லை.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது அந்த அழைப்பை நம்பி நடந்தது.

வந்தது ஒரு சண்டைப் படம். சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக விழுந்து எழுகிற, யாருக்கும் பெயர் தெரியாத ஒருவனைப் பற்றிய கதை. அவனாக நடித்தவர் பெரிய நடிகர். அந்த நடிகருக்குப் பதிலாக உண்மையில் விழுவதற்கு வேறொருவர் வந்திருந்தார். விடுதிகள் நிரம்பிவிட்டன, அவர் ஒருவருக்கு மட்டும் உங்கள் மாடியறையைத் தர இயலுமா என்று தயாரிப்பு நிர்வாகி கேட்டார். சினிமாக்காரர்களை வீட்டுக்குள் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதால் இசைந்தேன்.

அவர் பெயரை இங்கும் நான் எழுதவில்லை. அது அவர் விருப்பம். வரவேற்பு மடலில் சேர்க்கப் பெயர் கேட்டபோது சிரித்தார். “வேணாம் சார். கீழ விழறவனுக்குப் பேரு வந்துச்சுன்னா மேல நிக்கறவருக்கு ஜுரம் வந்துரும்.”

நாற்பதைக் கடந்தவர். நடிகரின் உயரம், நடிகரின் தோள், நடிகரைப் போலவே திருத்திய முடி. பின்னாலிருந்து பார்த்து என் மனைவியே ஒருமுறை ஏமாந்தாள். முன்னாலிருந்து பார்த்தால் உடைந்து சேர்ந்த மூக்கு, இடப்புருவத்தில் தையல் தழும்பு, மடங்காத ஒரு சுண்டுவிரல். அவர் படியேறி வருவதற்கு முன்பே தைல வாசனை வந்துவிடும்.

முதல் நாள் வரவேற்பறையில் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. குனிந்து நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். முதுகுச் சாய்வைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அதன்பிறகே அமர்ந்தார். விருந்தினர் செய்யும் செயலாக எனக்கு அது படவில்லை.

“அது படாக் மரம். இருபது வருஷமா இருக்கு” என்றேன்.

“மரம் ராஜா மரம் சார். ஆணி அடிச்சவன்தான் யாருன்னு தெரியல.”

மாடிப்படியின் கைப்பிடி, கட்டிலின் சட்டம், குளியலறைத் தரை எதையும் அவர் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பவில்லை. கேட்டால் ஒரே பதில்தான். “எங்க வேல விழறது சார். எங்க விழறோம்னு நாமே பாத்துக்கணும். அடுத்தவன் பாத்துச் சொன்னா அது அவனோட எடம், நம்மோட எடம் இல்ல.”

வந்த மூன்றாம் நாள் காலை என் மனைவி போட்ட சத்தத்தில் செய்தித்தாளைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் சாலையிலிருந்து வாசலுக்கு இருபத்தேழு படிகள். மேல்படியிலிருந்து அந்த மனிதர் உருண்டுகொண்டிருந்தார். தோள், முதுகு, முழங்கால், மறுபடி தோள். ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டது போலச் சாலைவரை போய் விழுந்து, அசையாமல் கிடந்தார். எதிர்வீட்டு வங்காளி அம்மாள் கதவைத் திறந்து வாயைப் பொத்திக்கொண்டாள். என் மனைவி கையில் தோசைத் திருப்பியோடு பாதிப்படி இறங்கிவிட்டாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

“இருபத்தேழும்மா. மேலேர்ந்து மூணாவது படி ஆடுது. சார்ட்ட சொல்லி சிமெண்ட் வையுங்க.”

“ஏன் தம்பி, படி ஆடுதுன்னு சொல்ல இப்படியா விழுவாங்க? வாயால சொன்னா ஆகாதா?”

“நாளைக்கு இந்த மாதிரிப் படில ஒரு சீன் இருக்கும்மா. உங்க படி நல்ல படி, கோவிச்சுக்காதீங்க.”

அன்று காலை நான் ஒரு தோசையோடு எழுந்துவிட்டேன். அவர் நான்கு தோசை சாப்பிட்டார். பன்னிரண்டு மணிக்குக் கைப்பேசியை எடுத்து மனைவியை அழைத்து ஒரே ஒரு சொல் சொன்னார்: “சாப்ட்டேன்.” வைத்துவிட்டார். தினமும் நண்பகலில் இந்த ஒரு சொல் மெயின்லேண்டுக்குப் போகும். விழுந்து எழுந்துவிட்டேன் என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் சொல் என்று என் மனைவி கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவர் பையில் ஒரு பருத்திக் கயிறு இருந்தது. ஒரு முனையில் பழைய இரும்புத் திருகு. முழத்துக்கு ஒரு முடிச்சு. கயிற்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். “கடக்காரன் முழம் இல்ல சார். எம் முழம்” என்று முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வைத்துக் காட்டினார். மெத்தை அடுக்கின் உயரமும் இந்தக் கயிற்றால்தான், தண்ணீரின் ஆழமும் இதனால்தான். மீட்டர் கணக்கில் அச்சிட்ட நாடா குழுவிடம் இருந்தது. அதை அவர் தொடுவதைக் கூட நான் பார்த்ததில்லை.

படத்தின் முக்கியமான காட்சி, கப்பலின் மேல்தளத்திலிருந்து கதாநாயகன் கடலில் குதிப்பது. பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய படகுத் துறையை ஒட்டிக் கப்பல் போன்ற இரும்புச் சாரம் எழுப்பியிருந்தார்கள். இருபது முழ உயரம். கீழே கடல் அடியில் உடைந்த காங்கிரீட் கட்டைகள் கிடந்தன. ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், முழுதாக ஏறியிருக்கும் நேரத்தில் மட்டுமே அங்கே குதிக்க முடியும். நேரம் யாரிடம் கேட்பது என்று பேச்சு வந்தபோது சங்கத்தார் என்னைக் கைகாட்டினார்கள். நான் ஓதப் பட்டியலைப் பார்த்து, பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஒன்பது நாற்பது என்று எழுதிக் கொடுத்தேன். அது சரியான நேரம். அன்று அவர் படகில் போய்க் கயிற்றை இறக்கினார். முடிச்சுகளை விரலால் தடவி எண்ணினார்.

“எட்டு மொழம். ஏழுன்னாலும் குதிப்பேன். ஏழுக்குக் கீழன்னா அந்த நடிகரே வந்து கும்பிட்டாலும் முடியாது சார்.”

அரைமணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இந்தத் தீவில் மழை வந்தால் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. படப்பிடிப்பு தள்ளிப்போயிற்று.

மழை தொடங்கி மூன்றாம் நாள் மாலை சங்க மண்டபத்தில் நடிகருக்குப் பாராட்டு விழா நடத்தினோம். ‘டூப் இல்லாமல் தானே குதிக்கும் துணிச்சல்காரர்’ என்று படக்குழுவினர் மடலில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அந்த மடலை நான் வாசிக்கும்போது என் வீட்டு விருந்தினர் மண்டபத்தில் இல்லை. எங்கே என்று பார்த்தால் மேடைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்து, எல்லோரும் பார்க்க, ஒலிவாங்கியை இரண்டடி தள்ளி வைத்தார். “இங்க நின்னு பேசுங்க சார்” என்று காதோடு சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்குச் சினம் மூண்டது. பிறகொருநாள் பலகையைப் பெயர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் நின்றிருந்த இடத்தில் குறுக்குச் சட்டத்தைக் கரையான் முழுவதும் தின்றிருந்தது. என் காலுக்கு அடியில் வண்ணப் பூச்சைத் தவிர எதுவும் இல்லை.

அதே மேடையில்தான் மற்றதும் நடந்தது. விழா முடிந்து சால்வையோடு நின்ற என்னிடம் இயக்குநர் வந்தார். மழை விட்டுவிட்டது, நாளைக்கு எடுத்துவிடலாம், “அதே நேரந்தானே, கேப்டன் சார்?” என்றார். சுற்றிலும் சங்க உறுப்பினர்கள் நின்றார்கள். நடிகர் நின்றார். நான் “அதே நேரந்தான்” என்றேன்.

ஓதம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும் என்பது இங்கே மீன் விற்கும் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீட்டுக்குப் போய் நான் பட்டியலை எடுக்கவில்லை. மேடையில் சொன்ன நேரத்தை வீட்டில் திருத்துவது என் வழக்கம் அன்று.

மறுநாள் காலை ஒன்பதரை. வெயில் சுள்ளென்று இருந்தது. நடிகர் குடையின் கீழ் அமர்ந்திருந்தார். அவர் அணிந்த அதே நீலச் சட்டையை அணிந்து இவர் வந்தார். கையில் கயிறு. டோங்கி ஓட்டும் ஒரு கிழவன், எங்கள் ஊரில் சிறு மீன்படகுக்கு அதுதான் பெயர், துறைத் தூணைக் காட்டி என்னிடம் சொன்னான்: “சாப், பானி அபி சடா நஹீ. கம்பா தேக்கோ.” தண்ணீர் இன்னும் ஏறவில்லை, தூணைப் பாருங்கள் என்றான். பார்த்தேன். தூணில் சிப்பி ஒட்டிய பட்டை நீருக்கு மேலே ஈரமில்லாமல் தெரிந்தது.

அவருக்கு இந்தி தெரியாது. “இன்னா சார் சொல்றாரு பெரியவரு?” என்று கேட்டார்.

“ஏதோ பேசுறான். விடுங்க.”

அவர் படகில் கால் வைத்தார். கயிற்றின் இரும்புமுனையைக் கையில் எடுத்துக்கொண்டார். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். சங்கத்திலிருந்து வந்த இருபது முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் என் வார்த்தைக்கு ஒரு கயிற்றை வைத்துச் சோதனை நடக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றியது.

“தம்பி, முப்பத்துநாலு வருஷம் இந்தத் தண்ணியோட இருந்திருக்கேன். என் வார்த்தைய விட உங்க கயிறு பெரிசா?”

சிரிப்பு எழுந்தது. யாரோ, “அண்ணே, கேப்டன் சார் சொன்னா கடலே கேட்கும்ணே” என்றார்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பெரியவர் ஒருவரைப் பலர் முன்னால் சிறுமைப்படுத்துகிறோமோ என்கிற தயக்கம் இருந்தது. இத்தனை நாள் என் வீட்டில் சோறு உண்டிருந்தார் அல்லவா. படகிலிருந்து காலை எடுத்தார். கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

“நீங்க சொன்னா சரி சார். வச்சிருங்க, வந்து வாங்கிக்கறேன்.”

நாற்காலியின் காலைக்கூட நம்பாத மனிதர். சாரத்தில் ஏறினார். விளிம்பில் நின்று, முகம் கேமராவுக்குத் தெரியாதபடி கழுத்தைத் திருப்பிக்கொண்டார். குதித்தார்.

தண்ணீர் எழும்பிய சத்தத்துக்கு உள்ளே இன்னொரு சத்தம் கேட்டது. அதை என்னால் எழுத இயலாது. கைதட்டினார்கள். அவர் மேலே வந்தபோது முகம் நீருக்குள் இருந்தது. இரண்டு பேர் நீந்திப்போய்த் திருப்பினார்கள். கரைக்கு இழுத்து வந்தபோது இரண்டு பாதங்களும் இருக்கவேண்டிய திசையில் இல்லை. அவர் உணர்வோடு இருந்தார். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன். எடுத்த காட்சி வீணாகிவிடக் கூடாதாம். பின்னால் குழுவினர் சொன்னார்கள்.

அடையாள அட்டை தேவை என்று மருத்துவமனையில் கேட்டதால் வீட்டுக்கு வந்தேன். மாடியறையில் அவர் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. என் மனைவி எடுத்துவிட்டாள். மறுமுனையில் “சாப்ட்டியா?” என்ற குரல் எனக்கே கேட்டது.  என் மனைவி அதை என் கையில் திணித்தாள்.

நான் யாரென்று சொன்னேன். கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்றேன். அந்தப் பெண் அழவில்லை. ஒரே கேள்வி கேட்டாள்.

“அளந்தாரா சார்?”

என் இடக்கையில் அவர் கயிறு இன்னும் இருந்தது. காலையிலிருந்து அதை எங்கும் வைக்காமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன்.

“அளந்தார்மா” என்றேன்.

மறுநாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி மருத்துவமனைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது. மொழிபெயர்க்க மரியாதைக்குரிய ஒருவர் வேண்டும் என்று என்னையே அழைத்தார்கள். குதிக்குமுன் ஆழத்தை அளந்தாரா என்று அதிகாரி இந்தியில் கேட்டார். அதைத் தமிழில் அவரிடம் கேட்கவேண்டியவன் நான். கேட்டேன். இடுப்புக்குக் கீழே கட்டுகளோடு கிடந்தவர் கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அளந்தேன் சார். முடிச்ச எண்றதுல தப்பிட்டேன்.”

 அதிகாரி எழுதுகோலோடு காத்திருந்தார். வார்த்தை பிசகாமல் இந்தியில் சொன்னேன். என் வாழ்நாளில் செய்த மிகத் துல்லியமான மொழிபெயர்ப்பு அதுதான்.

அதிகாரி போனபின் கதவைச் சாத்திவிட்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“எங்க வூட்டுக்காரம்மாட்ட அளந்தார்னு சொல்லிட்டீங்களாமே சார். நான் இல்லன்னா உங்க வார்த்த ரெண்டாயிடும். ஊர்ல பெரிய மனுசன் நீங்க. எனக்கு இன்னா, எப்பவும் இன்னொருத்தருக்காக விழறவன்தானே.” சிரிக்க முயன்றார். முடியவில்லை. “அம்மாட்ட சொல்லி அந்த மூணாவது படிய மொதல்ல பாருங்க சார்.”

இரண்டு நாளில் அவரை விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். கயிற்றை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

படம் வெளிவந்தது. சங்கத்தார் ஒன்றாகப் போய்ப் பார்த்தோம். அந்தக் குதிப்பு இருந்தது. நீலச் சட்டை காற்றில் படபடக்கக் கீழே வருகிறது. தண்ணீர் எழும்புகிறது. அடுத்த நொடியில் நடிகர் நீருக்கு மேலே வந்து தலையை உதறிச் சிரிக்கிறார். அரங்கு விசிலடித்தது. என் பக்கத்தில் இருந்தவர், “நம்ம தண்ணி, கேப்டன் சார்” என்று என் தோளைத் தட்டினார்.

இரு குதிகால்களும் நொறுங்கியவர் இனிக் குதிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தொழிலில் விழ முடியாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு என்பதை அறிந்திருந்தேன். மற்றவர்கள் விழும் இடத்தைப் பார்த்து மெத்தை அடுக்குவது. அந்த வேலைக்கு அவரைவிடத் தகுந்தவர் யார்? அந்த நினைப்பில் சில ஆண்டுகள் நிம்மதியாகவே இருந்தேன். சென்ற ஆண்டு அந்தத் தயாரிப்பு நிர்வாகியிடம் தொலைபேசியில் விசாரித்தேன்.

“கூப்ட்டுப் பாத்தோம் சார். பசங்க ஒத்துக்கல. ஒரு தடவ அளவு தப்புன ஆளு போட்ட மெத்தைல எவன் சார் குதிப்பான்? ஒரு அடுக்குமாடில வாட்ச்மேனா உக்காந்திருக்காரு.”

 அவர் காலை மட்டும் நான் முறிக்கவில்லை. அவரிடம் இருந்த ஒரே நற்பெயரையும் வாங்கி என்னுடையதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் பௌர்ணமி கழிந்த நாட்களை எண்ணி, அன்றைக்கு ஒப்பான நாளில், அந்தப் பழைய துறைக்குப் போனேன். அந்த டோங்கிக் கிழவன் இன்னும் இருந்தான். சாரம் நின்ற இடத்துக்குப் படகை விடச் சொன்னேன். ஒன்பது நாற்பதுக்குக் கயிற்றை இறக்கினேன். இரும்பு கல்லில் தட்டியது. வெளியே இழுத்து ஈரமான முடிச்சுகளை எண்ணினேன். நம்பாமல் இன்னொரு முறை இறக்கினேன். கிழவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தான்.

“மேனே போலா தா, சாப்” என்றான். அன்றைக்கே சொன்னேனே என்பது பொருள். குற்றம் சாட்டும் குரலாக இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

கயிற்றை வெயிலில் உலர்த்தி, இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றோடு சேர்த்து, அவர் மனைவியின் முகவரிக்கு அனுப்புகிறேன். இன்னொரு பிரதி அந்த நிர்வாகிக்கு. சங்கத் தலைவர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தை நேற்றே கொடுத்துவிட்டேன்.

இந்த ஆண்டின் சங்க மலரில், நம் தீவில் நடந்த படப்பிடிப்புகள் பற்றிய பக்கத்தில், ‘சண்டைக் கலைஞர் ஒருவர் ஆழத்தைத் தவறாக அளந்ததால் விபத்து நேர்ந்தது’ என்று அச்சாகியிருக்கிறது. அது பிழை. அவர் அளக்கவில்லை. அளக்கப் படகில் கால் வைத்தவரை நான் நிறுத்தினேன். அன்று ஓதம் ஏறியது நண்பகலுக்குப் பிறகு. ஒன்பது நாற்பதுக்கு அங்கே இருந்த தண்ணீர் எட்டு முழம் அன்று, ஐந்தரை முழம்.